சீன மருந்தில் நான் போட்ட அதிமதுரம்

முரளி, ருவைஸில் பிளான்ட் குவார்ட்டர்ஸில் உன் ரூமில் தனியாக உட்கார்ந்துதான் இதைப் படிப்பாய் என்று தெரியும். படித்தபின் உன்னோடு வைத்துக்கொள்ளாதே. நீ கட்டிக்கொள்ளப்போகிற இந்துவிடம் காட்டு, அவள் அப்பாவிடம் காட்டு, உன் சீன சிநேகிதன் வாங்குக்கு இங்கிலீஷில் சொல்லு. கவரை நான் ஒட்டப்போவதில்லை. போன வெள்ளிக்கிழமை போனில் நீ, "அப்பா, கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா? ஒருத்தரைப் பாத்துக்கற அளவுக்கு எனக்குப் பொறுப்பு இல்லப்பா" என்றாய். நான், "போடா பைத்தியக்காரா, பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு" என்று சிரித்து மழுப்பினேன். அப்புறம் பேலன்ஸ் தீரப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பேலன்ஸ் நிறைய இருந்தது. நான்தான் உன் குரலைக் கேட்க முடியாமல் ஓடினேன். உன்னை இப்படிப் பேச வைத்தவன் நான். ஜனவரியில் உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது நீ கொண்டுவந்த சீன மருந்தால் இல்லை, நான் அதில் அள்ளிப் போட்ட அதிமதுரத்தால். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னைக் குற்றவாளியாக நிற்கவிட்டேன். இதை எழுதும்போது முகம் எரிகிறது. எரியட்டும்.

பர் துபாயில் நம் பில்டிங்கில் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். கஷாயம் சார். நாட்டு வைத்தியத்தில் நான் ஒன்றும் படித்தவன் இல்லை. தேராவில் ஒரு டிரேடிங் ஆபீஸில் பர்ச்சேஸ் பார்க்கிறவன், அவ்வளவுதான். ஆனாலும் லிஃப்டில் யாராவது ஒரு தும்மல் போட்டால் போதும், "சுக்கு தட்டிப் போட்டுக் குடிச்சீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவேன். மூன்றாவது மாடிக் குழந்தைக்கு இருமல் என்றால் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை! ஆபீஸில் முப்பது வருஷமாக நான் சொன்னதை யாரும் ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டதில்லை. பில்டிங்கில் நான் சொன்னால் நாலு வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தப் பெயரை இழக்க மனசில்லாமல்தான் இத்தனையும் நடந்தது.

நீ நாலாவது படிக்கும்போது உனக்குக் காய்ச்சல் வந்து இறங்காமல் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நிலவேம்பைக் கொதிக்கவைத்து உன் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். நீ என் ஆபீஸ் சட்டை முழுக்கத் துப்பினாய். மறுநாள் நீ எழுந்து கார்ட்டூன் பார்த்ததும், "பாத்தியா, நம்ம மருந்து" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். அம்மா எனக்குத் தெரியாமல் உன்னை டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்திருந்தாள் என்று பிறகு மருந்துச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் நான் ஊரில் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்லது நடந்தால் என் கஷாயம் என்று சொல்லிப் பழகிய வாய், கெட்டது நடந்தபோது சீனாக்காரன் மருந்து என்று சொல்வதற்கு ரொம்பக் கஷ்டப்படவில்லை.

இப்போது ஜனவரிக்கு வருகிறேன். அம்மாவுக்கு அந்தக் குளிரில் ஜலதோஷம் பிடித்து, மூக்கு அடைத்து, லேசாகக் காய்ச்சலும் இருந்தது. நீ லீவில் வந்தபோது கையில் மூன்று பொட்டலம் கொண்டுவந்தாய். உன்னோடு பிளான்டில் இன்ஸ்ட்ருமென்ட் செக்ஷனில் இருக்கும், அப்போது உன் ரூமிலேயே தங்கியிருந்த வாங், அவன் அம்மா ஊரிலிருந்து அனுப்பியதில் தனக்கு வைத்துக்கொண்டதை எடுத்துக் கொடுத்தான் என்றாய். பொட்டலத்தைப் பிரித்து டைனிங் டேபிளில் கொட்டினேன். காய்ந்த மஞ்சள் மொட்டுகள், இரண்டாகப் பிளந்த சின்னச் சின்ன ஓடுகள், புதினா மாதிரி வாசனை அடிக்கும் தழை, அப்புறம் வட்டவட்டமாகச் சீவிய ஒரு வேர். அந்த வேரில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன். இனித்தது. "அதிமதுரம்டா! எல்லாம் நம்ம சரக்குதான், பேருதான் வேற" என்று கத்தினேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாய்: "அப்பா, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை ஓடுது. முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவர் சரின்னா மூணு நாளைக்கு மட்டும். இதோட வேற எதையும் சேக்காதீங்க. வாங்கோட அம்மா அப்படித்தான் சொன்னாங்களாம்."

"சரிடா சரிடா, எனக்குத் தெரியாதா" என்றேன். எனக்கு அந்தப் பொட்டலத்தில் தெரிந்தது ஒரே ஒரு வேர். அந்த ஒன்றைத் தெரிந்துகொண்டவுடன் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது. டாக்டருக்கு போன் பண்ணவில்லை. இதற்கெல்லாம் போய் அவரைக் கேட்டால் கஷாயம் சாருக்கு என்ன மரியாதை?

நீ ருவைஸ் பஸ் ஏறியதும் அடுப்பில் வைத்தேன். முதல் நாள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். நான் கலக்கும் எதையும் அவள் லேசில் குடிக்கமாட்டாள், சிங்க்கில் ஊற்றிவிட்டுக் குடித்தேன் என்பாள். அதனால், "உன் பையன் ஆசையாக் கொண்டாந்தது, கொட்டாத" என்றேன். உன் பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். மூன்று நாளில் காய்ச்சல் போய்விட்டது, மூக்கும் விட்டது. பொட்டலமும் தீர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஆனால் கொஞ்சம் வறட்டு இருமல் மிச்சம் இருந்தது. அதையும் விரட்டிவிட்டு, சீனாக்காரன் பாதியில் விட்டதை நான் முடித்தேன் என்று சொல்ல ஆசை வந்துவிட்டது எனக்கு.

ஆபீஸ் விட்டதும் தேராவில் மசாலாக் கடைத்தெருவான சூக்குக்குப் போய் ஒரு பை நிறைய அதிமதுரம் வாங்கினேன். அப்ரா படகில் திரும்பும்போது அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். பொட்டலத்துச் சக்கையைத் தூக்கிப் போடாமல் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். அதோடு ஒரு கைப்பிடி அதிமதுரத்தை இடித்துப் போட்டு, நாலு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்றவிட்டு, காலையிலும் சாயங்காலமும் கொடுத்தேன். சக்கை நைந்துபோனபின் வெறும் அதிமதுரம்தான் கொதித்தது. நான் சேர்த்ததை அவளிடம் சொல்லவில்லை, வாங்கின பையை என் ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவள், "முதல்ல கசந்துது, இப்ப இனிக்குதே. சீனாக்காரன் மருந்து பரவால்லங்க" என்றாள். "உன் புள்ளை கொண்டாந்ததாச்சே" என்றேன். பிப்ரவரி நெருங்கும்வரை இப்படியே ஓடியது.

அவள் சொன்னாள் முரளி, சொல்லாமல் இல்லை. கால் பிடித்து இழுக்கிறது என்றாள். முகம் உப்பியிருக்கிறது, தலை கனக்கிறது, மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்றாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. "சளி இறங்குது, அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஒரு காலை குக்கரை எடுக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். சத்தம் கேட்டு ஓடிப்போனால் சமையல்கட்டுத் தரையில் கிடக்கிறாள், கண் திறந்திருக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. "என்னங்க, எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க" என்றாள். மெட்ரோ வேலைக்காக ரோட்டையெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் சுற்றிச் சுற்றிப் போனது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாமி பெயர் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அப்போதும் அந்தப் பை என் ஞாபகத்துக்கு வரவில்லை, அது நிஜம்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் தாறுமாறாக ஏறியிருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ரொம்பக் குறைந்து, இதயத் துடிப்பு தப்பித் தப்பி ஓடுகிறது என்றார்கள். மாத்திரையைத் தவிர வேறு என்ன சாப்பிட்டார்கள் என்று டியூட்டி டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடியும் கேட்டார். "பையன் ஏதோ சைனீஸ் மூலிகை கொண்டுவந்தான்" என்றேன். அந்த வாக்கியம் எவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது என்று பார். சுற்றி நின்ற நம் பில்டிங்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். "சைனா சாமானா? அதைப் போயி வயித்துக்குள்ள விடுவாங்களா" என்று ஒருவர் சொன்னார். நான் ஆமாம் என்பதுபோல் நின்றேன்.

நீ டியூட்டி டிரஸ்ஸோடு ருவைஸிலிருந்து ஓடிவந்தாய். காரிடாரில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாமல், "அப்பா, டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தானே குடுத்தீங்க?" என்றாய். நான் தலையை ஆட்டினேன். நாலு பேர் முன்னால் என்னை மாட்டிவிடக் கூடாது என்று நீ குரலைத் தாழ்த்திக் கேட்டாய். அந்த மரியாதையை எடுத்து நான் உனக்கே குழி தோண்டினேன்.

அப்புறம் ஒரு நாள் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மலையாளி, தமிழ் நன்றாகவே பேசினார். என்ன காய்ச்சினீர்கள், எப்படிக் காய்ச்சினீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார். வேறு வழியில்லாமல் அந்தப் பையைப் பற்றிச் சொன்னேன். "இரட்டிமதுரம், கைப்பிடி கைப்பிடியா, தினம் ரெண்டு நேரமா?" என்று, அதிமதுரத்தை மலையாளத்தில் சொல்லிக் கேட்டார். பிறகு பேப்பரில் பேனாவால் தட்டிக்கொண்டே விளக்கினார். அந்த வேர் அளவு மீறினால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும், அம்மா பிரஷருக்குச் சாப்பிடும் நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்குவதுதான், இரண்டும் சேர்ந்துகொண்டது. "அந்தப் பொட்டலத்துலயும் இது கொஞ்சம் இருந்திருக்கும். பிரஷர்காரங்களுக்குக் கேக்காமக் குடுத்தது தப்புதான். ஆனா மூணு நாள் அதைக் குடிச்சு இந்த நிலைமை வராது. இது நீங்க போட்டது" என்றார். "சார், இதை அவகிட்ட சொல்லணுமா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இனிமே குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லிடறேன். யார் போட்டதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

சொல்லலாம் என்றுதான் வார்டுக்கு வந்தேன் முரளி. அங்கே நீ அம்மாவின் கட்டிலுக்குக் கீழே குனிந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். "என்னாலதாம்மா, நான் கொண்டாந்திருக்கவே கூடாது" என்று அழுதாய். மீசை வைத்த பிள்ளை, பிளான்டில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன். அம்மா உன் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள், நீங்க ஏதாவது சொல்லுங்களேன் என்பது மாதிரி. அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "விடுடா முரளி, தெரியாம நடந்துச்சு" என்றேன். என் தப்புக்கு உன்னை நான் மன்னித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் மனைவி, "நல்ல அப்பா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சீ, என்ன பிறவி நான் என்று அந்த நிமிஷமே தோன்றியது. தோன்றி என்ன செய்ய, அடுத்த நிமிஷம் எல்லோருக்கும் டீ வாங்க கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் நான் பக்கத்தில் நின்று பார்த்தது உனக்குத் தெரியாது. வாங்கோடு பேச்சை நிறுத்திவிட்டு ரூம் மாறிவிட்டேன் என்றாய். அவன் ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை அனுப்பினான், நீ அதைத் திருப்பி அனுப்பினாய். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அபுதாபியில் இருந்து இந்துவின் அப்பா போன் பண்ணி, "தம்பி கொஞ்சம் யோசிக்காம செய்யற டைப்போ சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "சின்னப் பையன்தானே சார், இனிமே கவனமா இருப்பான்" என்றேன். பார், உனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி பேசி உன்னை இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். உன் அம்மா வருகிறவர்களிடமெல்லாம், "எம்புள்ள பாசத்துல என்னை மேல அனுப்பப் பாத்தான்" என்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அவளுக்கு அது தமாஷ். நீ ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்கிறாய். இப்போது கல்யாணமே வேண்டாம் என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறாய். நான் போட்ட வேர் அவள் உடம்பைவிட்டு எப்போதோ போய்விட்டது. உன்னைவிட்டுத்தான் போகவில்லை.

கல்யாணத்துக்கு நிற்கிற மகனுக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டுமாம். எந்த வாயால் சொல்வது? ஆனாலும் இந்த அவமானத்தில் எனக்குக் கிடைத்த மூன்று விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருந்தால் அதுவும் வீண். இந்துவுக்கு ஜுரம் வந்தால் கஷாயம் கொடு, மாத்திரை கொடு, சீனத்துப் பொட்டலம் கொடு, எதுவானாலும் அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிவிட்டுக் கொடு. அவள் கால் இழுக்கிறது என்று சொன்னால், அதற்குக் காரணம் உனக்குத் தெரியும் என்று உடனே பேசாதே, முதலில் கேள். தப்புப் பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்கு அது ஒரு வாக்கியம்தான். நான் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு இப்போது இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று, நீ பொறுப்பில்லாதவன் இல்லை. டாக்டரைக் கேள், மூன்று நாள்தான், வேறு எதையும் சேர்க்காதே என்று மூன்றையும் சொன்னவன் நீ. வாங்கும் தப்புச் செய்யவில்லை, அவன் அம்மாவும் தப்புச் செய்யவில்லை. முதலில் அவன் ரூம் கதவைப் போய்த் தட்டு.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தில் உனக்குச் சொல்லிவிட்டு அவள் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் இருந்தால் இதுவும் இன்னொரு தந்திரம்தான். அவள் ஹாலில் கல்யாணத்துக்கு எடுத்த புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்து அந்தப் பையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். மிச்சம் இருந்த அதிமதுரம் அப்படியே கிடந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் ஒரு புடவையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு அவன் என் காலைப் புடிச்சு அழுதானே, அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவள் புடவைகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது, "நாளைக்குக் காலையில ருவைஸ் பஸ் எத்தனை மணிக்கு?" உன்னைப் பார்க்கப் போகிறாள். பிள்ளையை இத்தனை நாள் ஊருக்கெல்லாம் கேலி பேசினேனே என்று சமையல்கட்டில் மூக்கைச் சிந்துவது கேட்டது. நானும் வருகிறேன் என்றேன். வராதீர்கள் என்று அவள் சொல்லவில்லை, அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். வரும் வழியில் அபுதாபியில் இறங்கி இந்துவின் அப்பாவைப் பார்த்து என் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் வருவோம். அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, என் கையாலேயே கொடுக்கிறேன். நீ படிக்கும்வரை வெளியே நிற்கிறேன்.

உன் குணம் எனக்குத் தெரியும். படித்து முடித்ததும் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, மனசு இளகி, "விடுங்கப்பா, தெரியாம நடந்துச்சு" என்பாய். அதை மட்டும் சொல்லாதே கண்ணா. எனக்குத் தெரியும்.